ரேக் ஆடியோ பேனலில் கோளாறா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

கிட்டார் பிராசசர், கீபோர்டு மாட்யூல், வயர்லெஸ் ரிசீவர், இன்-இயர் டிரான்ஸ்மிட்டர், ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று எல்லாவற்றையும் ஒரே ரேக்கில் ஏற்றி, வெளியே போகிற வருகிற ஒயர் எல்லாம் ஒரு பேனலில் வந்து முடியும்படி அமைத்துவிட்டால் மேடையில் வேலை பாதியாகக் குறையும். ரேக்கின் பின்பக்கம் குனிந்து டார்ச் அடித்துத் தேட வேண்டியதில்லை, அவசரத்தில் யாராவது தப்பான ஓட்டையில் செருகிவிடுவார்களோ என்ற கவலையும் இல்லை. ஆனால் அந்தப் பேனல் தகராறு செய்ய ஆரம்பித்தால் மொத்த ரேக்கும் அதோடு சேர்ந்து படுத்துவிடும், ஏனென்றால் எல்லாமே அதன் வழியாகத்தான் போகிறது.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும். பேனலுக்குள் எலெக்ட்ரானிக்ஸ் என்று எதுவும் கிடையாது. தகடு, சாக்கெட், ஒயர், சாலிடர், அவ்வளவுதான். அதனால் அதில் வரக்கூடிய கோளாறும் மூன்றே வகை: தொட வேண்டியது தொடவில்லை, ஒயர் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை, அல்லது எர்த் போகக் கூடாத வழியில் போகிறது. கீழே வரும் எந்த அறிகுறியைத் துரத்திக்கொண்டு போனாலும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் நிற்பீர்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால்

முதலில் பேனலை ஓரமாக வைத்துவிட்டு நேரடியாக இணைத்துப் பாருங்கள். அதாவது வெளியே இருந்து வரும் கேபிளைப் பேனலில் செருகாமல், அது எந்தக் கருவிக்குப் போகிறதோ அந்தக் கருவியின் பின்னாலேயே செருகுங்கள். கோளாறு போய்விட்டதா? அப்படியானால் பேனலில்தான் பிழை. போகவில்லையா? பேனலைத் தொடாதீர்கள், கருவியையோ வெளிக் கேபிளையோ பாருங்கள். இந்தச் சின்ன சோதனையைச் செய்யாமல் நேராக சாலிடரிங் அயர்னை எடுப்பவர்கள்தான் நாள் முழுக்க அலைகிறார்கள்.

கையில் இருக்க வேண்டியவை: பீப் அடிக்கும் மல்டிமீட்டர் ஒன்று, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்குக்குப் போடும் மூன்று பின் வகை), ஒரு டிஆர்எஸ் கேபிள் (பிளக்கில் டிப், ரிங், ஸ்லீவ் என்று மூன்று தொடுப்பு உள்ளது), ஒரு டார்ச். அந்த இரண்டு கேபிள்களையும் சோதனைக்கு மட்டும் என்று தனியாக, வேறு நிற டேப் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகத்துக்குரிய கேபிளை வைத்துக்கொண்டு சந்தேகத்துக்குரிய பேனலைச் சோதித்தால் எதுவும் தெரியாது.

மல்டிமீட்டர் வைக்கும்போது ரேக்கின் மெயின் பவரை அணைத்து, கருவிகளில் இருந்து ஒயர்களைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கருவிக்குள் இருக்கும் சுற்று வழியாக மீட்டர் பீப் அடித்து உங்களை ஏமாற்றும்.

சத்தமே வரவில்லை

இதுதான் பிடிப்பதற்குச் சுலபமானது. பேனலின் முன்பக்க எக்ஸ்எல்ஆர் முதல் பின்பக்க ஒயர் முனை வரை 1-க்கு 1, 2-க்கு 2, 3-க்கு 3 பீப் அடிக்க வேண்டும். அதேபோல 1-க்கும் 2-க்கும், 1-க்கும் 3-க்கும், 2-க்கும் 3-க்கும் இடையே பீப் அடிக்கவே கூடாது. பலர் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள். சத்தமே இல்லை என்ற நிலைமைக்கு அறுந்த ஒயரைப் போலவே ஷார்ட் ஆன ஒயரும் காரணம்: ஷீல்டில், அதாவது சிக்னல் ஒயரைச் சுற்றியிருக்கும் எர்த் பின்னலில், இருந்து பிரிந்த ஒரே ஒரு மெல்லிய இழை 2-ஆம் பின்னைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், சிக்னலில் ஒரு பாதி எர்த்தில் போய் விழும். டிப்பும் ஸ்லீவும் மட்டும் உள்ள டிஎஸ் ஜாக்காக இருந்தால் மொத்தமும் விழும். அதனால் சாலிடர் வைக்கும்போதே ஷீல்டு இழைகளை முறுக்கி, அதன்மேல் காப்புக் குழாய் போட்டுவிடுவது நல்லது.

டிஆர்எஸ் ஜாக் என்றால் டிப் 2-க்கும், ரிங் 3-க்கும், ஸ்லீவ் 1-க்கும் சமம். 2 ஹாட் (நேர் சிக்னல்), 3 கோல்டு (தலைகீழ் சிக்னல்) என்பது 1992-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஏஇஎஸ்14 தரமாகவே வந்துவிட்டது. அதற்கு முந்தைய சில பழைய கருவிகளில் 3-ஆம் பின் ஹாட்டாக இருக்கும், அந்த மாதிரிக் கருவி உங்கள் ரேக்கில் இருந்தால் அதன் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

பேனலில் ஆண், பெண் சாக்கெட் மாறியிருப்பதும் இங்கே வரும். ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் ஆண் எக்ஸ்எல்ஆரில் இருந்துதான் சிக்னல் வெளியே வரும், ஓட்டை உள்ள பெண் எக்ஸ்எல்ஆருக்குள்தான் சிக்னல் உள்ளே போகும். பேனலில் மைக் நுழைய வேண்டிய இடத்தில் பெண் சாக்கெட், மிக்சருக்குப் போக வேண்டிய இடத்தில் ஆண் சாக்கெட். இரு முனையும் ஒரே வகையான மாற்று அடாப்டரைப் போட்டுச் சமாளிக்க வேண்டி வந்தால், பேனல் தப்பாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், சாக்கெட்டையே மாற்றுங்கள். இப்போது கிடைக்கும் பேனல்களில் பெரும்பாலும் டி வகை ஓட்டைதான், சுமார் 24 மில்லிமீட்டர் விட்டம், எக்ஸ்எல்ஆரோ ஜாக்கோ யுஎஸ்பியோ எதுவானாலும் அதே ஓட்டையில் உட்காரும். ஒரு யூ உயரப் பேனலில், அதாவது 44.45 மில்லிமீட்டரில், இப்படி 16 ஓட்டைகள் வரை இடம் கிடைக்கும். இரண்டு திருகைக் கழற்றினால் மாற்றிவிடலாம்.

ஒயரை ஆட்டினால் வருகிறது, விட்டால் போகிறது

முன்பக்கத்தில் பிளக்கை ஆட்டினால் கரகரக்கிறதா, பின்பக்கத்தில் ஒயரை ஆட்டினால் கரகரக்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஆட்ட வேண்டும். முன்பக்கம் என்றால் சாக்கெட்டின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. பின்பக்கம் என்றால் சாலிடர்.

நல்ல சாலிடர் ஒயரோடும் முனையோடும் இழைந்து, ஓரத்தில் மெல்லியதாகப் படர்ந்திருக்கும். ஒட்டாத சாலிடர் முனையின் மேல் உருண்டையாக, தனியாக உட்கார்ந்திருக்கும். அதன்மேல் இன்னும் கொஞ்சம் ஈயம் வைப்பது தீர்வாகாது. பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு, முனையைச் சூடாக்கி, அதற்கப்புறம்தான் புதுசு வைக்க வேண்டும். எக்ஸ்எல்ஆரில் வைக்கும்போது அதற்கு ஜோடியான இன்னொரு கனெக்டரைச் செருகி வைத்துக்கொண்டால், பிளாஸ்டிக் இளகினாலும் ஊசிகள் இடம் மாறாது.

ஸ்டுடியோ வகை பேட்ச் பே (மேலும் கீழுமாக இரண்டு வரிசை ஜாக் வைத்து, குட்டி கேபிள்களால் கருவிகளை மாற்றி இணைக்கும் பேனல்) வாங்கியவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண கிட்டார் பிளக்கும் தொலைபேசி வழி வந்த லாங்-ஃபிரேம் பேட்ச் பிளக்கும் இரண்டுமே கால் அங்குலம்தான், ஆனால் முனையின் வடிவம் வேறு, பேட்ச் பிளக்கின் டிப் சிறியது. லாங்-ஃபிரேம் ஜாக்கில் கிட்டார் பிளக்கை அழுத்திச் செருகினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் விரிந்துவிடும், அதன்பிறகு சரியான பிளக்கைப் போட்டாலும் தொடாது. செருகும்போது வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எதுவும் செருகாதபோது சத்தம் இல்லை, ஒரு கேபிளைச் செருகி எடுத்தால் சரியாகிவிடுகிறது

இது பேட்ச் பேயில் மட்டும் வரும் நோய். நார்மல் முறையில் மேல் வரிசையில் இருந்து கீழ் வரிசைக்கு சிக்னல் தானாகவே போவதற்கு ஜாக்குக்குள் சின்ன சுவிட்ச் தொடுப்பு இருக்கிறது. மாதக்கணக்கில் யாரும் அதில் எதையும் செருகாவிட்டால் அந்தத் தொடுப்பில் தூசியும் ஆக்சைடும் படியும். பிளக்கைப் பல முறை செருகி எடுத்தால் தற்காலிகமாகச் சரியாகும். கான்டாக்ட் கிளீனரைப் பிளக்கின் மேல் லேசாகத் தெளித்து, அந்தப் பிளக்கைச் செருகிச் சுழற்றி எடுப்பது நல்ல முறை. ஜாக்குக்குள் நேராகப் பீய்ச்சினால் அழுக்கு உள்ளேயே தங்கிவிடும். ரேக்கை நீண்ட நாள் மூடி வைத்திருந்து எடுக்கும்போது, எல்லா ஜாக்கிலும் ஒரு சுற்று பிளக்கைச் செருகி எடுப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஹம் அடிக்கிறது

இதற்குத்தான் அதிக நேரம் போகும், பதற்றத்தில் தப்பான முடிவு எடுப்பதும் இங்கேதான். எனவே முதலில் ஒரு எச்சரிக்கை: ஹம் போக வேண்டும் என்பதற்காகப் பவர் பிளக்கின் எர்த் பின்னை ஒடிப்பதோ, டேப் ஒட்டி மறைப்பதோ, எர்த் இல்லாத அடாப்டரில் செருகுவதோ கூடவே கூடாது. கருவிக்குள் ஒரு மின்கசிவு வந்தால், கிட்டார் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாய் வைத்திருப்பவரின் உடம்பு வழியாகத்தான் அது எர்த்துக்குப் போகும். ஹம் ஒரு தொல்லை. அது போனால் போகட்டும், இல்லாவிட்டால் இருக்கட்டும், உயிரைப் பணயம் வைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

சரி, இப்போது காதால் வகை பிரியுங்கள். மெயின் மின்சாரம் நாட்டைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். கனமான, வழவழப்பான உறுமலாக இருந்தால் பெரும்பாலும் எர்த் சுற்று, அல்லது பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம். வண்டு ரீங்கரிப்பதைப் போல மேல் சுருதிகளோடு கூர்மையாக இருந்து, கையை ஜாக்கின் மேல் வைத்தால் கூடுவதோ குறைவதோ இருந்தால், எங்கோ ஷீல்டு விட்டுப்போயிருக்கிறது. அதைச் சத்தமே வரவில்லை என்ற பகுதியில் சொன்ன பீப் சோதனையிலேயே பிடித்துவிடலாம், 1-ஆம் பின்னை மட்டும் பாருங்கள்.

எர்த் சுற்று எப்படி உண்டாகிறது என்று புரிந்துகொண்டால் பேனலை ஏன் சந்தேகிக்க வேண்டும் என்பதும் புரியும். இரண்டு கருவிகள் பவர் ஒயர் வழியாக ஏற்கெனவே எர்த்தில் இணைந்திருக்கின்றன. ஆடியோ கேபிளின் ஷீல்டும் அவற்றை இன்னொரு முறை இணைக்கிறது. இரண்டு வழி சேர்ந்து ஒரு வளையம் ஆகிறது, அந்த வளையத்தில் சிறு மின்னோட்டம் ஓடுகிறது. இப்போது நடுவில் ஒரு உலோகப் பேனலை வைத்து, அதில் உலோக உடம்பு கொண்ட ஜாக்குகளைத் திருகினால், ஒவ்வொரு ஜாக்கின் ஸ்லீவும் தகட்டைத் தொடும், தகடு ரேக் தூணைத் தொடும், தூண் எல்லாக் கருவிகளின் உடம்பையும் தொடும். ஒரு வளையம் இருந்த இடத்தில் எட்டு வளையம் ஆகிவிட்டது. நேரடியாக இணைத்தபோது ஹம் இல்லை, பேனல் வழியாகப் போனால் ஹம் வருகிறது என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

சோதனை எளிது. கருவிகளை எல்லாம் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஜாக்கின் ஸ்லீவிலும் மறு முனையைப் பேனல் தகட்டில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வையுங்கள். பீப் அடித்தால் அந்த ஜாக் தகட்டோடு இணைந்திருக்கிறது. பெயின்ட் மேல் வைத்துவிட்டு இணைப்பு இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள், திருகின் தலையில் வைத்துப் பாருங்கள். தீர்வு, பிளாஸ்டிக் உடம்பு கொண்ட, ஸ்லீவ் தனியாக நிற்கும் ஜாக்கை வாங்கிப் போடுவது. எக்ஸ்எல்ஆரில் 1-ஆம் பின்னும் உடம்பும் வெவ்வேறு முனைகளாகவே இருக்கும், இரண்டையும் இணைத்து ஒரு துண்டு ஒயர் யாராவது வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பேனல் வெறும் கடந்துபோகும் இடம்தான் என்றால் அந்த இணைப்பு வேண்டியதில்லை. ஷீல்டு பேனலைத் தொடாமல் கருவி வரை போகட்டும், பேனல் தகடு ரேக் வழியாகத் தனியாக எர்த் ஆகட்டும்.

அப்படியும் ஹம் இருந்தால் கருவியே காரணமாக இருக்கலாம். சில கருவிகளில் 1-ஆம் பின்னை நேராக உலோக உடம்பில் இணைக்காமல் உள்ளே சர்க்யூட் போர்டின் கிரவுண்டில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள், ஷீல்டில் வரும் அழுக்கு மின்னோட்டம் எல்லாம் ஆம்பிளிஃபையருக்குள்ளேயே நுழைந்துவிடும். ஆடியோ பொறியாளர் நீல் மன்சி 1995-இல் விரிவாக எழுதி, பின் 1 பிரச்சினை என்ற பெயரோடு எல்லாருக்கும் தெரியவைத்தது இதைத்தான். 2005-இல் ஏஇஎஸ்48 என்ற தரமும் இதற்கு வந்தது. அப்படிப்பட்ட கருவிக்குப் போகும் பேலன்ஸ்டு லைனில் (ஒரே சிக்னல் நேராகவும் தலைகீழாகவும் இரண்டு ஒயரில் போகும் வகை), சிக்னல் வாங்கும் பக்கத்தில் மட்டும் ஷீல்டை இணைக்காமல் விட்டுவிடலாம். ஆனால் அந்த ஒயரின் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதை அறுந்த ஒயர் என்று நினைத்துச் சரிசெய்வார். மைக் லைனில் இதைச் செய்யவே முடியாது: ஃபான்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே மிக்சர் மைக்குக்கு அனுப்பும் மின்சாரம், திரும்பி வருவது 1-ஆம் பின் வழியாகத்தான், அதை வெட்டினால் கன்டென்சர் மைக் உயிரோடு இருக்காது.

கிட்டார் ரேக்கில் நான்கு கேபிள் முறை வைத்திருப்பவர்களுக்கு, அதாவது ஆம்பின் சென்ட், ரிட்டர்ன் இரண்டையும் பேனல் வழியாக பிராசசருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு, எல்லாமே அன்பேலன்ஸ்டு (சிக்னலுக்கு ஒரே ஒயர், ஷீல்டே திரும்பும் வழி) என்பதால் ஷீல்டை வெட்டும் தந்திரம் உதவாது. அங்கே எர்த்தைப் பிரித்து சிக்னலை மட்டும் கடத்தும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்தான் வழி. ஆம்புக்குப் போகும் ஒரு வழியில் ஒன்றைப் போட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும். மட்டமான டிரான்ஸ்ஃபார்மர் பேஸ் சத்தத்தைச் சிதைக்கும், அதனால் கீழ் ஸ்வரங்களை வாசித்துக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

எர்த்தோடு சம்பந்தமில்லாத ஹம்மும் உண்டு. பவர் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கருவிக்கு நேர் மேலே பேனல் ஒயர்கள் தொங்கினால் காந்தப்புலம் ஏறும், அதைச் சாதாரண ஷீல்டு தடுக்காது. பெரும்பாலும் தூரம்தான் தடுக்கும். சந்தேகம் வந்தால் அந்தக் கருவியை ஒரு யூ, இரண்டு யூ கீழே இறக்கிப் பாருங்கள். ரேக்கில் பவர் ஒயர்கள் ஒரு பக்கம், ஆடியோ ஒயர்கள் மறுபக்கம் என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள். இரண்டும் சந்தித்தே ஆக வேண்டும் என்றால் ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் கடக்கட்டும். மீந்த பவர் ஒயரைச் சுருட்டி ஆடியோ ஒயரோடு சேர்த்துக் கட்டுவதை எத்தனையோ ரேக்குகளில் பார்க்கிறோம், அதை அவிழ்த்தாலே பாதி உறுமல் போய்விடும்.

சத்தம் வருகிறது, ஆனால் குறைவாக, மெலிந்து வருகிறது

எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே இங்கே துப்பு. மிக்சரின் மீட்டரில் ஏறத்தாழ 6 டெசிபல் குறைந்திருந்தால், பேலன்ஸ்டு லைனின் இரண்டு கால்களில் ஒன்று போய்விட்டது, 2 அல்லது 3 அறுந்திருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் அவுட்புட் உள்ள கருவி என்றால் இதே கோளாறில் பேஸே இல்லாமல் தகர டப்பா மாதிரி ஒலிக்கும்.

ஏறத்தாழ 12 டெசிபல் வித்தியாசம் என்றால் ஒயரில் பிழை இல்லை. தொழில்முறைக் கருவிகளின் லெவல் +4 டிபியூ, அதாவது 1.228 வோல்ட். வீட்டு உபயோக வகைக் கருவிகளின் லெவல் -10 டிபிவி, அதாவது 0.316 வோல்ட். இரண்டுக்கும் நடுவில் இருப்பது 11.8 டெசிபல். பல கருவிகளின் பின்னால் இதற்கென்றே ஒரு ஸ்விட்ச் இருக்கும், அல்லது மெனுவுக்குள் இருக்கும். பேனலைக் கழற்றுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

பேலன்ஸ்டு அவுட்புட்டை அன்பேலன்ஸ்டு இன்புட்டுக்குக் கொண்டுபோகும்போது 3-ஆம் பின்னை என்ன செய்வது என்பதில்தான் குழப்பம் அதிகம். எல்லாக் கருவிக்கும் ஒரே பதில் கிடையாது. டிரான்ஸ்ஃபார்மர் அவுட்புட் என்றால் 3-ஐ 1-ஓடு இணைத்தே ஆக வேண்டும். சாதாரண எலெக்ட்ரானிக் பேலன்ஸ்டு அவுட்புட் பலவற்றில் 3-ஐச் சும்மா விட்டுவிட வேண்டும், எர்த்தில் போட்டால் அந்த ஆம்பிளிஃபையர் திணறி சத்தம் சிதையும். கருவியின் கையேட்டில் இதற்கென்று ஒரு வரி இருக்கும், அதைப் படித்துவிட்டு ஒயர் போடுங்கள்.

பாடகர் குரலைக் காணோம், மற்றதெல்லாம் கேட்கிறது

பின்னணி டிராக் ஓடுகிறது, ஓரத்து வாத்தியங்கள் எல்லாம் இருக்கின்றன, நடுவில் நிற்கும் குரலும் கிக் டிரம்மும் மட்டும் காற்றில் கரைந்துபோய்விட்டன. இது பயமுறுத்தும், ஆனால் காரணம் ஒன்றே ஒன்றுதான். ஹெட்ஃபோன் ஜாக்கில் இருந்து வரும் ஸ்டீரியோ சிக்னலை டிஆர்எஸ் கேபிளில் எடுத்து, பேனலில் பேலன்ஸ்டு மோனோ லைனில் செருகியிருக்கிறீர்கள். பேலன்ஸ்டு இன்புட் டிப்பில் இருப்பதில் இருந்து ரிங்கில் இருப்பதைக் கழிக்கும். இடதிலும் வலதிலும் ஒரே மாதிரி இருப்பது குரலும் கிக்கும்தான், அவை கழிந்து போய்விடும். ஸ்டீரியோவை இரண்டு தனி லைனாகப் பிரிக்கும் கேபிளைப் போட்டால் சரியாகிவிடும்.

இதன் தம்பி முறையில் இன்னொரு கோளாறு உண்டு: கீபோர்டின் இடது, வலது இரண்டும் தனித்தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது, சேர்த்தால் பேஸ் காணாமல் போகிறது. ஒரு லைனில் 2-உம் 3-உம் மாறிப்போய் பொலாரிட்டி தலைகீழாகிவிட்டது. மிக்சரில் பொலாரிட்டி பட்டனை அழுத்திப் பார்த்து, பேஸ் திரும்பி வந்தால் அந்த லைனின் சாலிடரைப் பாருங்கள். பட்டனை அழுத்திய நிலையிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள், அடுத்த மேடையில் வேறு மிக்சர் இருக்கும்.

செருகியதும் ஊளையிடுகிறது

பேட்ச் பேயில் மேல் ஜாக்கில் ஒரு கம்ப்ரசரின் அவுட்புட், அதற்கு நேர் கீழே அதே கம்ப்ரசரின் இன்புட் என்று பார்க்க அழகாக அடுக்கி வைத்திருப்பீர்கள். அந்த ஜோடி நார்மல் முறையில் இருந்தால் அவுட்புட் தன் இன்புட்டுக்கே திரும்பிப் போகும். வால்யூமைத் தூக்கினால் ஸ்பீக்கர் அலறும். அந்த ஜோடியை மட்டும் துரூ முறைக்கு, அதாவது மேல் ஜாக்கும் கீழ் ஜாக்கும் உள்ளே இணையாத முறைக்கு, மாற்றுங்கள். சிலவற்றில் மேலே ஸ்விட்ச் இருக்கும், சிலவற்றில் கார்டைக் கழற்றித் திருப்பிப் போட வேண்டும்.

எந்த முறையை எங்கே வைப்பது என்பதற்கு என் அபிப்பிராயம்: ஒரு கருவியின் அவுட்புட் எப்போதும் இன்னொரு கருவிக்குத்தான் போகிறது என்றால் ஹாஃப்-நார்மல். அதில் மேல் ஜாக்கில் செருகினால் பழைய வழி அறுபடாது, சிக்னலின் ஒரு நகல்தான் வெளியே வரும், கீழ் ஜாக்கில் செருகினால்தான் அறுபடும். எஃபெக்ட்ஸ், கம்ப்ரசர் மாதிரி சும்மா காத்திருக்கும் கருவிகளுக்குத் துரூ. எந்த ஜாக்கில் செருகினாலும் பழைய வழி அறுபடும் ஃபுல் நார்மல் இசைக்கலைஞரின் ரேக்கில் அபூர்வமாகத்தான் தேவைப்படும். இன்னொன்று: ஒரு அவுட்புட்டை இரண்டாகப் பிரிப்பது சரி, ஆனால் இரண்டு அவுட்புட்டை ஒயரால் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, ஒன்றை ஒன்று இழுத்து இரண்டுமே சிதையும். சேர்ப்பதற்கு மிக்சர் வேண்டும்.

பேட்ச் செய்யும்போது டப்பென்று வெடிக்கிறது

48 வோல்ட் ஃபான்டம் பவர் ஓடும் லைனை ஜாக் வழியாகக் கொண்டுபோகிறீர்கள். பிளக் உள்ளே நுழையும்போது டிப்பும் ரிங்கும் ஒரு கணம் வேறு வேறு தொடுப்புகளில் உரசிக்கொண்டு போகும், அந்த நேரத்தில் 48 வோல்ட் ஒரு காலில் மட்டும் ஏறும் அல்லது எர்த்தில் ஷார்ட் ஆகும். ரிப்பன் மைக் இணைந்திருந்தால் அதன் ரிப்பனே போய்விடலாம். எக்ஸ்எல்ஆரில் இந்த ஆபத்து மிகக் குறைவு. மைக் லைன்கள் முழுக்க எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டிலேயே இருக்கட்டும், ஜாக் பேட்ச் பேயை லைன் லெவலுக்கு மட்டும் வையுங்கள். ஏற்கெனவே அப்படி அமைத்துவிட்டால், ஃபான்டத்தை அணைத்து, மின்தேக்கிகள் காலியாகச் சற்று நேரம் விட்டுப் பிறகு பேட்ச் செய்யுங்கள்.

பேனல் வழியாகப் போனால் கிட்டார் மந்தமாக ஒலிக்கிறது

பாசிவ் பிக்கப் இருக்கும் கிட்டாருக்கு கேபிள் நீளம் ஒரு பொருட்டு. மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்பது கிட்டார் கேபிளில் சாதாரணமாகக் காணப்படும் அளவு. வெளியே ஆறு மீட்டர், ரேக்குக்குள் பேனலில் இருந்து சுற்றி வளைத்து இரண்டு மீட்டர் என்று சேரும்போது மேல் சுருதி மழுங்கும். பேனலுக்குப் பின்னால் உள்ள ஒயரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறுக்குங்கள், ரேக்கில் முதலில் வரும் கருவி பஃபராக (கேபிள் நீளத்தால் மழுங்காதபடி சிக்னலை ஓட்டும் கருவி) இருக்கட்டும், அதன் இன்புட் 1 மெகாஓம் அளவில் இருக்கட்டும். பஃபருக்கு அப்புறம் நீளம் பெரிய விஷயமில்லை. ஆக்டிவ் கிட்டாரும் கீபோர்டும் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஒரு சேனலின் சத்தம் இன்னொன்றில் பேயாகக் கேட்கிறது

பல ஜாக்குகளின் ஸ்லீவை ஒரே ஒயரில் கோத்து எர்த்துக்குக் கொண்டுபோயிருந்தால், அந்தப் பொது ஒயர் அறுந்துவிட்டதா என்று பாருங்கள். அன்பேலன்ஸ்டு சிக்னலுக்குத் திரும்பும் வழி அடைபட்டால், பக்கத்துச் சேனல் வழியாகத் திரும்பப் பார்க்கும். அது சரியாக இருந்தால், கிட்டார் இன்புட் ஒயரும் பலமான லைன் அவுட்புட் ஒயரும் ஒரே கட்டில் நெருக்கமாக ஓடுகின்றனவா என்று பாருங்கள், பிரித்துக் கட்டுங்கள்.

பேனல் வழியாக ஸ்பீக்கரை இணைத்தால் ஆம்ப் சூடாகிறது, அணைந்துபோகிறது

உடனே நிறுத்துங்கள். பிரிட்ஜ் முறையில் ஓடும் பவர் ஆம்பிலும் பல டிஜிட்டல் ஆம்புகளிலும் ஸ்பீக்கரின் இரண்டு முனையும் உயிருள்ளவை, ஒன்று கூட எர்த் கிடையாது. அதை உலோக ஜாக்கில் கொண்டுவந்து பேனலில் திருகினால் ஒரு முனை ரேக் உடம்போடு ஷார்ட் ஆகிவிடும். வால்வு ஆம்பில் நேர்மாறான ஆபத்து, பேனலில் தொடுப்பு விட்டுப்போனால் ஸ்பீக்கர் சுமையே இல்லாமல் ஓடி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியலாம். ஸ்பீக்கர் லைனுக்கு ஸ்பீக்கான் சாக்கெட் மட்டும், தடிமனான ஸ்பீக்கர் ஒயர் மட்டும், அதுவும் பேனலின் ஓரத்தில் தனியாக. ஸ்பீக்கானில் மைக்கோ கிட்டார் கேபிளோ தவறிக்கூட நுழையாது, அதுதான் அதன் பெரிய லாபம்.

பேனலில் பவர்கான் (மெயின் மின்சாரத்துக்கான பூட்டும் கனெக்டர்) வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நீலம் மின்சாரம் உள்ளே வர, சாம்பல் வெளியே போக. சாதாரண பவர்கானை மின்சாரம் ஓடும்போது செருகவோ கழற்றவோ கூடாது, ட்ரூ1 வகைதான் அதற்கென்று வடிவமைக்கப்பட்டது.

மிடி, யுஎஸ்பி, ஆன்டெனா

மிடி வேலை செய்யவில்லை என்றால் 4, 5-ஆம் பின்கள் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள், ஐந்து பின் டின் சாக்கெட்டைப் பின்பக்கத்தில் இருந்து பார்க்கும்போது வரிசை தலைகீழாகத் தெரியும் என்பதால் இது அடிக்கடி நடக்கும். 2-ஆம் பின் ஷீல்டு, அனுப்பும் கருவியில் மட்டும்தான் அது எர்த் ஆகியிருக்கும், வாங்கும் பக்கத்தில் ஆப்டிகல் ஐசோலேஷன் இருக்கிறது. அதனால் பேனலில் 2-ஐத் தகட்டோடு இணைத்து அந்த ஏற்பாட்டைக் கெடுக்காதீர்கள்.

யுஎஸ்பி துண்டிக்கிறது என்றால் மொத்த நீளத்தைக் கூட்டிப் பாருங்கள், யுஎஸ்பி 2.0-க்கு 5 மீட்டர்தான் வழக்கமான எல்லை, பேனல் சாக்கெட் நடுவில் இன்னும் இரண்டு தொடுப்புகளைச் சேர்க்கிறது. லேப்டாப் மவுஸை நகர்த்தும்போது ஸ்பீக்கரில் கீச்சென்று கேட்டால் அது யுஎஸ்பி எர்த் வழியாக வரும் சத்தம், ஆடியோ அவுட்புட்டில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (லைனைப் பேலன்ஸ்டாக மாற்றும் டப்பா) போட்டால் அடங்கும்.

வயர்லெஸ் ரிசீவரின் ஆன்டெனாவைப் பேனலுக்குக் கொண்டுவந்த பிறகு சிக்னல் விட்டுவிட்டு வருகிறதென்றால், பிஎன்சி கனெக்டரும் ஒயரும் 50 ஓம் தானா என்று பாருங்கள். வீடியோவுக்கும் வேர்ட் கிளாக்குக்கும் வருவது 75 ஓம், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

பயணம் போய் வந்தால் மட்டும் பிழை வருகிறது

வீட்டில் சோதித்தால் எல்லாம் சரி, வண்டியில் ஏற்றி இறக்கினால் ஏதாவது ஒன்று போகிறது. காரணம் ஒயரின் எடை முழுவதையும் சாலிடர் முனையே தாங்கிக்கொண்டிருப்பது. பேனலுக்குப் பின்னால் ஒரு கம்பிச் சட்டத்தைத் திருகி, ஒயர்களை அதில் கட்டி, சட்டத்தில் இருந்து சாக்கெட் வரை உள்ள துண்டைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். பிளாஸ்டிக் டையை ஒயர் நசுங்கும் அளவுக்கு இறுக்கக் கூடாது, வெல்க்ரோ பட்டை இன்னும் நல்லது. சாக்கெட் திருகுகள் அதிர்வில் தளரும், பின்னால் லாக் நட் போடுங்கள். கனமான டிரான்ஸ்ஃபார்மர் டப்பாவைப் பேனல் ஒயரிலேயே தொங்கவிடாமல் ஒரு தட்டில் திருகிவிடுங்கள்.

ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டி, அந்த எண்களின் பட்டியலை ரேக் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள், எங்கெல்லாம் ஷீல்டை வெட்டியிருக்கிறீர்கள், எந்த ஜோடி துரூ, எந்த ஜோடி ஹாஃப்-நார்மல் என்பதும் அதில் இருக்கட்டும். நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது 7-ஆம் லைன் போனால், அந்தத் தாளைப் பார்த்து 7-ஆம் எண் ஒயரைக் கழற்றி உபரியாக விட்டிருக்கும் லைனுக்கு மாற்றிவிடலாம். அதனால் 16 ஓட்டைப் பேனலில் 14-ஐ மட்டும் பயன்படுத்தி, இரண்டு லைனை முழுக்க ஒயர் போட்டு, பின்பக்கம் எந்தக் கருவியிலும் செருகாமல் தயாராக விட்டு வையுங்கள்.